கையெழுத்துப் போடாத கெய்சர்

கீழ்வேளூரில் மார்கழி மாத விடியற்காலை வெப்பநிலை 21 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். ஊட்டிக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். பெங்களூரில் இருக்கும் என் மகள் சிரித்தேவிட்டாள். கத்திரி வெயிலில் வெந்து, சாயங்காலம் நாகப்பட்டினம் பக்கமிருந்து கடற்காற்று வந்தால்தான் சட்டையை மாட்டுவது என்று பழகிய உடம்புக்கு 21 என்பது பெரிய அவமானம். கார்த்திகை பிறந்ததும் எங்கள் தெருவில் பரணிலிருந்து மங்கி குல்லாய்கள் இறங்கிவிடும். சம்பா வயலில் தண்ணீர் நிற்கிறது, வாய்க்காலில் தண்ணீர் நிற்கிறது, பருவமழை போய்விட்டதா இல்லையா என்று அதற்கே தெரியவில்லை, துவைத்துப் போட்ட வேட்டி காய்வதாக இல்லை. குளிர் தெர்மாமீட்டரில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. இந்தக் கட்சியில் இன்றுவரை நான் ஒருவன்தான் உறுப்பினர்.

மார்கழியில் எங்கள் ஊரில் பச்சைத் தண்ணீரில் குளிப்பவர்கள் இரண்டே ரகம். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள், வீட்டில் சண்டை போட்டவர்கள். நான் மாலை போட்டதில்லை.

முன்பெல்லாம் வெந்நீருக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. கொல்லையில் மூன்று கல் அடுப்பு, மேலே அடி கறுத்த அண்டா, கீழே தென்னை மட்டையும் பாளையும். அப்பா காலத்தில் ஒரு செம்பு பாய்லர் வந்தது. நடுவில் ஒரு குழாய். அதில் கரியைப் போட்டுப் பற்றவைத்தால் சுற்றியிருக்கும் தண்ணீர் சுடும். கீழே குழாயைத் திருகிப் பிடித்துக்கொள்ளலாம். எரிய மாட்டேன் என்று அது ஒருநாளும் சொன்னதில்லை. எரியாவிட்டால் கரி ஈரம், அல்லது ஊதுகிறவனுக்கு ஊதத் தெரியவில்லை. விசாரணை அதோடு முடிந்தது. பிறகு கரண்ட் கெய்சர் வந்தது. பாய்லரைப் பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டேன். அம்மா அதை இன்னும் மறக்கவில்லை. யார் வந்தாலும் எத்தனை கிலோ செம்பு என்று சொல்லுவார். கிலோ வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டு வருகிறது.

அப்புறம் கஜா வந்தது. 2018 நவம்பர் 16, விடியற்காலை. வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் டெல்டாவில் தென்னையைச் சாய்த்தது, மின்கம்பத்தைச் சாய்த்தது, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் செங்கல் தூண்மேல் நின்றிருந்த தண்ணீர் டேங்கைத் தூக்கிப் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில் வைத்தது. கொட்டகையில் மாடு இல்லாதது மாட்டின் அதிர்ஷ்டம். வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. கரண்ட் கெய்சர் சுவரில் வெறும் அலங்காரமாகத் தொங்கியது. அந்த நாட்களில்தான் நான் இரண்டு முடிவுகள் எடுத்தேன். ஒன்று, டேங்கை இனி உயரத்தில் வைப்பதில்லை. மொட்டைமாடித் தளத்திலேயே உட்காரட்டும், பறப்பதற்கு உயரம் கொடுத்தால்தானே பறக்கும். இரண்டு, கரண்டே தேவைப்படாத கெய்சர் ஒன்று வாங்குவது. சமையல் கேஸில் எரிவது, டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய பேட்டரி இரண்டு போட்டால் போதும்.

"கரண்ட் இல்லாட்டி மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாட்டி தண்ணி ஏது? தண்ணி இல்லாம எதைச் சுட வைக்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். ஆட்சேபணைகளைப் பதிவு செய்துகொண்டு மேல் நடவடிக்கை தொடர்வது எனக்குப் பழக்கம். கெய்சர் வந்தது. மாட்ட வந்தவர் குளியலறைக்குள் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்றார். மனைவி மறுத்துவிட்டாள்; கொல்லைப்புறச் சுவரில், சன்ஷேடுக்குக் கீழே வெளியேதான் என்றாள். இதற்குக் காரணம் கேட்டபோது, "நெருப்பு வெளியில இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

சில மார்கழிகள் ஒழுங்காகப் போயின. போன மார்கழியில்தான் அது என்னை மட்டும் புறக்கணிக்க ஆரம்பித்தது.

விடியற்காலை கோயில் ஸ்பீக்கர் பாடத் தொடங்கும்போது மனைவி எழுந்து குளிப்பாள். எரியும். அடுத்து அம்மா. எரியும். நான் காபி, பேப்பர், பேப்பரில் வந்தது பற்றிய என் கருத்து, அதைக் கேட்க ஆள் தேடுவது எல்லாம் முடித்து, பத்தரை மணி வாக்கில் துண்டோடு போவேன். குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர். வழக்கமாக வரும் டிக் டிக் சத்தம்கூட இல்லை. கொல்லைக்குப் போய் அதன் முகத்தைப் பார்ப்பேன். அதுவும் என்னைப் பார்க்கும்.

இதில் கூடுதல் எரிச்சல் என்னவென்றால் ஊர் அப்படிப்பட்ட ஊர். பக்கத்து அடியக்கமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. எண்ணெய்க் கிணறுகள். நாகூர் போகிற வழியில் நரிமணம். அங்கே 1993-இல் சுத்திகரிப்பு ஆலையே வந்தது. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020-இல் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்குப் பூமிக்கடியில் எண்ணெயும் வாயுவும். இத்தனை எரிபொருளின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊரில் என் வீட்டுக் கொல்லையில் ஒரு பொறி கிளம்பவில்லை.

கோப்பு ஒன்று திறந்தேன். பழைய டைரிதான், ஆனால் முறையாக எழுதினேன். பொருள்: வெந்நீர் – எரியாமை – தொடர்பாக. பார்வை ஒன்று, தயாரிப்பாளர் தந்த கையேடு. பார்வை இரண்டு, மனைவியின் வாய்மொழி. கையேட்டின் ஆங்கிலம் சீனாவில் பிறந்து வளர்ந்தது. அதில், தீ வராவிட்டால் தீ வருகிறதா என்று பார்க்கவும் என்று ஒரு வரி இருந்தது. பேட்டரியை மாற்றினேன். ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டினேன். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. காலி சிலிண்டரின் எடை தவிர 14.2 கிலோ கேஸ் நிரம்பியிருந்தது என்பது அதில் தெரியவந்த உண்மை. கம்பெனிக்குப் போன் செய்தேன். இந்திக்கு ஒன்றை அழுத்தி, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்தி, தமிழுக்கு எதை அழுத்துவது என்று காத்திருந்து, கடைசியில் ஒரு பெண், "குழாயைத் திறந்தீங்களா சார்?" என்று அன்போடு கேட்டார்.

பைப் ரிப்பேர்க்காரத் தம்பியை வரவழைத்தேன். அவர் வந்து நின்று குழாயைத் திறந்தார். குப்பென்று பற்றிக்கொண்டது. "ஒண்ணுமில்ல சார், நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, ஒன்றுமில்லாததற்கு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் என் முறை வந்தது. பச்சைத் தண்ணீர். எதிர்வீட்டுக்காரரைச் சாட்சிக்கு அழைத்தேன். அவர் எதிரில் எரிந்தது. தபால்காரர் எதிரில் எரிந்தது. யாராவது வருகிறார்கள் என்றால் மனைவி முதலில் ஓடிப்போய் எதையோ செய்துவிட்டு வந்து காபி போடுவாள். அதை நான் கவனிக்கவில்லை. விருந்தாளி வந்தால் வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும். சாட்சிகள் அனைவரும் கெய்சருக்கு ஆதரவாகச் சொன்னதால் கோப்பில் என் பக்கம் வலுவிழந்தது.

அப்போதுதான் அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டான். மாப்பிள்ளை என்றால் மனைவியின் தம்பி. டல்லாஸில் கம்ப்யூட்டர் வேலை. கிறிஸ்துமஸ் லீவுக்கு ஒரு வீட்டு வண்டி வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் பார்க்கப் போயிருந்தான். படுக்கை, அடுப்பு, குளியலறை, ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ளே இருக்கும் வண்டி. வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு, வீட்டையே கூட்டிக்கொண்டு போகிற ஜனங்கள். கேன்யனின் தென் விளிம்பு கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். டிசம்பர் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே ஏழு எட்டு டிகிரிக்குப் போகும். எங்களுக்கும் அரிசோனாவுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அவனுக்கு ராத்திரி பத்து மணி என்றால் எனக்குக் காலை பத்தரை. அதாவது நான் துண்டோடு கொல்லையில் நிற்கும் நேரம்.

"அத்தான், வண்டில ஹீட்டர் எரிய மாட்டேங்குது."

"மாப்ளே, இங்கயும் அதே கதைதான்."

"இங்க மைனஸ் எட்டு, அத்தான்."

"இங்க இருபத்தி ஒண்ணு. ஆனா ஈரம் ஜாஸ்தி."

போனில் பிள்ளைகளின் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. இருந்தாலும் ஆலோசனை கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்புவது என் சர்வீஸில் இல்லை. சிலிண்டரைச் சாய்த்துப் பார், குளிரில் கேஸ் உறைந்திருக்கும் என்றேன். அது தப்பான யோசனை என்று அவன் பொறுமையாக விளக்கினான். நம் சமையல் சிலிண்டரில் இருப்பது பியூட்டேனும் புரோபேனும் கலந்தது. பியூட்டேன் பூஜ்யத்தைத் தொட்டதுமே ஆவியாக மறுக்கும். திரவமாக உள்ளேயே கிடக்கும். அதனால் அந்த ஊரில் வண்டிகளுக்குப் புரோபேன்தான். அது மைனஸ் 42 டிகிரி வரைக்கும் ஆவியாகும். ஆக, கேஸ் குற்றவாளி இல்லை. சிலிண்டரைச் சாய்ப்பது, படுக்கப் போடுவது, வெந்நீரில் உட்கார வைப்பது இவையெல்லாம் நம் வீடுகளில் கடைசிச் சொட்டு கேஸுக்காகச் செய்கிற ஆபத்தான வேலைகள். வெந்நீரில் வைப்பதை நான் சொல்லவில்லை. வெந்நீர் இருந்தால் ஏன் போனில் நிற்கப் போகிறேன்?

"ஒருவேளை சிலந்தியா இருக்குமோ, அத்தான்?" என்றான்.

நான் நிமிர்ந்து நின்றேன். அமெரிக்காவில் இந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சிலந்தி பெரிய தொல்லையாம். கேஸ் வாடைக்கு வந்து பர்னர் குழாயில் வலை கட்டிவிடும். குளவி வந்து புகைபோக்கியில் மண்கூடு வைத்துவிடும். காரையும் விடவில்லை. 2011-இல் மஸ்டா கம்பெனி வட அமெரிக்காவில் விற்ற சுமார் 65,000 கார்களைத் திரும்பக் கூப்பிட்டது. பெட்ரோல் டேங்கின் காற்றுக்குழாயில் ஒரு மஞ்சள் சிலந்தி வலை பின்னியதுதான் காரணம்.

சிலந்தி விஷயத்தில் கீழ்வேளூர்க்காரனிடம் பேசுகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எங்கள் கேடிலியப்பர் கோயில் மாடக்கோயில். சன்னதி உயரத்தில் இருக்கும், படியேறித்தான் போக வேண்டும், யானை ஏற முடியாது. கட்டியது கோச்செங்கட் சோழன். அவன் போன பிறவியில் சிலந்தி. திருவானைக்காவில் சுவாமிக்கு மேலே வலைப்பந்தல் போட, யானை அதைக் கலைத்துக்கொண்டே இருக்க, இரண்டுக்கும் சண்டை வந்து இரண்டும் உயிரை விட்டன. ராஜாவாகப் பிறந்த பிறகும் பழசு மறக்கவில்லை. யானை ஏறாத கோயிலாகக் கட்டித் தள்ளினான். இதை நான் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். மைனஸ் எட்டில் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா புருஷன் என்ற மரியாதை. பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் புகைபோக்கியைப் பார்த்தான். வலையும் இல்லை, கூடும் இல்லை. நானும் என் கெய்சரின் அடிவயிற்றில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பல்லி முட்டை ஓடு கிடந்தது. சிலந்தி விடுதலை செய்யப்பட்டது.

"ஹீட்டர் எப்படிக் கிளம்பும்னு முதல்லேருந்து சொல்லு" என்றேன். அவன் வண்டியின் கையேட்டைப் படித்தான். எங்கள் பேச்சில் உருப்படியான பகுதி இதுதான்.

உள்ளே குளிர்கிறது என்று சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் மனு கொடுக்கிறது. உடனே தீ வராது. முதலில் ஒரு ஃபேன் ஓடும். உள்ளே பழைய கேஸ் தங்கியிருந்தால் அதை வெளியே தள்ள. ஃபேன் காற்றின் பாதையில் ஒரு சின்னத் தகட்டுத் துடுப்பு நிற்கிறது. காற்று போதிய வேகத்தில் வந்தால்தான் அது நகர்ந்து ஒரு ஸ்விட்சை மூடும். அளவுக்கு மீறிச் சூடாகவில்லை என்று இன்னொரு ஸ்விட்ச் உறுதி சொல்ல வேண்டும். இரண்டும் சரி என்றால் கேஸ் வால்வு திறந்து பொறி பறக்கும். பற்றிய பிறகும் நம்பிக்கை கிடையாது. தீயில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி, ஆமாம் எரிகிறது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வால்வு மூடிவிடும். மூன்று தடவை பார்த்துவிட்டு, பற்றாவிட்டால் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்.

எனக்கு ஏதோ ஊர்ப்பக்கம் வந்தது போலிருந்தது. இது பட்டா மாறுதல் கோப்பு! வி.ஏ.ஓ. எழுத வேண்டும், ஆர்.ஐ. பார்க்க வேண்டும், சர்வேயர் அளக்க வேண்டும், துணை தாசில்தார் குறிப்பு வைக்க வேண்டும், அதன் பிறகுதான் தாசில்தார் மேஜை. பட்டா வரவில்லை என்று வருகிறவர் நேரே தாசில்தாரைத் திட்டுவார். அந்த மேஜைக்குக் கோப்பு போயே இருக்காது. எந்த மேஜையில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. அதை முப்பது வருஷத்துக்கு மேல் செய்து ஓய்வூதியம் வாங்குகிறவன் நான். என் கெய்சரிலும் இதே நடைமுறைதான். குழாயைத் திறந்தால் உள்ளே ஓடும் தண்ணீர் ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளுகிறது, சவ்வு ஒரு ஊசியைத் தள்ளுகிறது, ஊசி ஒரு குட்டி ஸ்விட்சை அழுத்துகிறது. அது வி.ஏ.ஓ. அறிக்கை. அங்கே கையெழுத்து விழுந்தால்தான் பேட்டரி விழித்து டிக் டிக் என்று பொறி விடும், கேஸ் திறக்கும். எனக்கு டிக் டிக் இல்லை. அப்படியென்றால் பேட்டரியையும் சிலிண்டரையும் நான் சந்தேகப்பட்டது தாசில்தாரைத் திட்டிய கதை. கோப்பு முதல் மேஜையைத் தாண்டவில்லை.

"உன் வண்டில ஃபேன் ஓடுதா மாப்ளே?"

"ஓடுது அத்தான். ஆனா என்னமோ முனகுது."

"பொறி?"

"இல்லை."

இரண்டு கோப்பும் ஒரே மேஜையில் நின்றன.

இந்தக் கட்டத்தில் அவன் ஒரு யோசனை சொன்னான். அந்தத் துடுப்பு ஸ்விட்சை ஒரு ஒயரால் சேர்த்துவிட்டால், காற்று வந்தாலும் வராவிட்டாலும் மூடிய கணக்கு. சிலர் அப்படிச் செய்கிறார்களாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது வி.ஏ.ஓ. கையெழுத்தை நாமே போடுவது. காற்று ஓடாமல் தீ எரிந்தால் சூடு எங்கே போகும், புகை எங்கே போகும் என்று கேட்கத்தான் அந்தத் துடுப்பை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

எந்த மேஜையும் இல்லாத கெய்சர் ஒன்று உலகத்தில் இருந்தது. முதன்முதலில் வந்ததே அதுதான். 1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மான் என்ற பெயின்டர் செய்தது. கேஸைப் பற்றவைத்தால் எரியும், மேலே தண்ணீர் ஓடும், கீழே வெந்நீர் விழும். புகை போக வழியே கிடையாது. குளிக்கிறவர் இருக்கும் அறைக்குள்ளேயே விடும். கேட்டபோதெல்லாம் எரிந்தது, மறுபேச்சே இல்லை. அந்த மாதிரி விசுவாசம் ஆபத்து. மூடிய அறையில் கேஸ் எரிந்து காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. சிலிண்டர் கேஸுக்கு நாம் முகர்கிற நாற்றம் கண்டுபிடிப்பதற்காகவே சேர்க்கப்பட்டது. இதற்கு அந்த வசதியும் இல்லை. குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கெய்சரால் ஜன்னல் மூடிக் குளித்தவர்கள் மயங்கி இறந்த செய்திகள் இந்தியாவில் வருஷம் தவறாமல் வருகின்றன. மனைவி நெருப்பு வெளியில் இருக்கட்டும் என்றது இதையெல்லாம் படித்துச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. பதில் எப்படி வந்தாலும் எனக்குச் சாதகமாக இருக்காது.

"ஒயர் கியர் எதையும் தொடாதே" என்று நான் உத்தரவு போட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி கொல்லைப் பக்கம் வந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"என்னடா தம்பி, அங்க காத்து வேகமா வரலன்னா எரியாதா?"

"ஆமாக்கா."

"இங்க தண்ணி வேகமா வரலன்னா எரியாது. டேங்கு ரொம்பியிருக்கிறப்போ எரியும். பாதியாயிட்டா எரியாது. அதான் நான் காலையில மோட்டாரப் போட்டுட்டுக் குளிப்பேன். யாராச்சும் பாக்க வந்தாலும் முன்னாடியே மோட்டாரப் போட்டுருவேன். பாவம், வந்தவங்க முன்னாடி மானம் போவக் கூடாதுல்ல?"

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. "இது உனக்கு எப்போலேருந்து தெரியும்?" என்றேன்.

"மாட்டுன வருஷத்துலேருந்தே. அப்பல்லாம் டேங்கு ரொம்ப அடியில போனாத்தான் மக்கர் பண்ணும். இப்பப் பாதியிலயே பண்ணுது."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே. எழுதிக்கிட்டுல்ல இருந்தீங்க."

திண்ணையிலிருந்து அம்மா, பாய்லரில் எத்தனை கிலோ செம்பு என்று சொன்னார்.

மனைவி தம்பியை விசாரித்தாள். ஃபேன் எதில் ஓடுகிறது? பேட்டரியில். பேட்டரியை எப்போது சார்ஜ் செய்தாய்? அந்த முகாமில் வண்டிக்குக் கரண்ட் பிளக் கிடையாது. இராத்திரியில் ஜெனரேட்டர் போடவும் அனுமதி இல்லை. சாயங்காலத்திலிருந்து விளக்கு, பிள்ளைகளுக்குப் படம், தண்ணீர் பம்பு எல்லாம் அந்த ஒரு பேட்டரியில். ஈயப் பேட்டரி குளிரில் பலம் குறையும் என்பது தனி. 12 வோல்ட்டில் ஓட வேண்டிய ஃபேன் அரை உயிரில் சுற்றுகிறது. அந்தக் காற்றுக்குத் துடுப்பு அசையவில்லை. "நீயும் மோட்டாரப் போடேன்டா" என்றாள் அக்கா. வண்டி எஞ்சினைத்தான் சொன்னாள். எஞ்சின் ஓடினால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். மாப்பிள்ளை எஞ்சினைக் கிளப்பினான். பக்கத்து வண்டியில் யாரோ திரையை விலக்கிப் பார்த்ததாகச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் ஃபேனின் முனகல் சீறலாக மாறியது, ஒரு டிக், பிறகு பிள்ளைகளின் கூச்சல். இந்தப் பக்கம் மனைவி ஸ்விட்சைத் தட்டினாள். எங்கள் மோட்டாரும் ஓடியது. டேங்க் நிரம்பியதும் கெய்சர் எனக்காக எரிந்தது. பதினொன்றே காலுக்கு வெந்நீரில் குளித்தேன். வெயில் நன்றாக ஏறி, வியர்க்க ஆரம்பித்திருந்தது.

மத்தியானம் கணக்குப் போட்டேன். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். என் டேங்க் மொட்டைமாடித் தளத்தில் உட்கார்ந்திருக்கிறது. டேங்கின் அடியிலிருந்து கெய்சர் வரை ஒன்றரை மீட்டர். டேங்க் நிரம்பினால் இன்னொரு மீட்டர் சேரும். ஆக இரண்டரை மீட்டர் நிரம்பிய டேங்குக்கு. பாதிக்குக் கீழே போனால் இரண்டு மீட்டர்கூட இல்லை. கெய்சரின் வயிற்றில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. குறைந்தபட்ச நீரழுத்தம் 0.02 எம்.பி.ஏ. என்கிறது. அதாவது இரண்டு மீட்டர். சுவரைப் பார்த்த பக்கமாக ஒட்டியிருப்பதால் கண்ணாடியைக் கொண்டுபோய்ப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது. தண்ணீர் நுழைகிற இணைப்பைக் கழற்றியபோது ஒரு கட்டைவிரல் அகல வடிகட்டி வலை வந்தது. பாசியும் மணலும் உப்புப் படிவுமாக அடைத்துக் கிடந்தது. போர் தண்ணீர் கடலோரத்தில் அப்படித்தான் இருக்கும். பழைய பல் பிரஷால் தேய்த்துப் போட்டேன், கொஞ்சம் முன்னேற்றம். வருஷா வருஷம் சேர்ந்த அடைப்புதான், டேங்க் அடியில் போனால் வந்த வியாதியைப் பாதிக்கே இழுத்து வந்திருக்கிறது. கோப்பில் இப்படி முடித்தேன்: கெய்சர் விதிகளின்படியே நடந்துகொண்டுள்ளது, எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை.

உங்கள் வீட்டில் கேஸ் கெய்சர் எரியவில்லை என்றால் அதைத் தட்டாதீர்கள். டிக் டிக் கேட்கிறதா என்று கேளுங்கள். கேட்காவிட்டால் மொட்டைமாடிக்குப் போங்கள், டேங்கில் எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள், வடிகட்டியைக் கழுவுங்கள். கேட்டும் பற்றாவிட்டால் கேஸ் பக்கம் பார்க்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் 1906-க்குப் போன் போடுங்கள். குளியலறைக்குள் மாட்டியிருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே வைத்துவிட்டுக் கழற்ற ஆள் தேடுங்கள். மீதியில் பெரிதாக ஒன்றும் இல்லை.

டேங்கை மறுபடி ஒன்றரை மீட்டர் தூக்கி வைக்க வேண்டும். இந்த முறை கம்பி போட்ட கான்கிரீட் தூண், இரும்புப் பட்டையால் இழுத்துக் கட்டியது. மேஸ்திரியிடம் பேசி முன்பணம் கொடுத்தாகிவிட்டது. தை பிறந்ததும் வருகிறேன் என்றிருக்கிறார். எந்த வருஷத்துத் தை என்று சொல்லவில்லை.